மாமாவின் காருக்கு நான் காட்டிய நிறம்

மாமா காருக்கு நிறம் பார்க்கப் போனது தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை. எந்த வருடம் என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் தகராறு உண்டு, கிழமையில் இல்லை. அன்று நான் குறிப்பெடுக்கக் கொண்டுபோன நாட்காட்டித் தாள் இன்றும் என்னிடம் இருக்கிறது. அது வெள்ளிக்கிழமைத் தாள். வெள்ளிக்கிழமையைச் சனிக்கிழமை காலையில்தானே கிழிப்பார்கள். ஆண்டு அச்சிட்டிருந்த மேல்முனை மட்டும் எப்போதோ பிய்ந்துபோய்விட்டது. நான் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன் என்று நானும், நான்காம் ஆண்டு என்று அம்மாவும் சொல்கிறோம்.

மாமா என் அம்மாவின் தம்பி. பெடாஸுக்கும் கோலா பிலாவுக்கும் இடையில் உள்ள சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலைகளை வாங்கி எண்ணெய் ஆலைக்கு ஏற்றி அனுப்புவார். மூன்று லோரி வைத்திருந்தார், கல்யாணம் ஆகவில்லை. எங்கள் தோட்ட வீட்டில்தான் சாப்பாடு. அப்பா விடியுமுன் நீலாய்க்குத் தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார் என்பதால், பகல் வெளிச்சத்தில் நான் பார்த்த ஆண்பிள்ளை பெரும்பாலும் மாமாதான்.

குலை பார்ப்பதில் அவருக்கு ஒரு தனிப் பெயர் இருந்தது. செம்பனைக் குலை காயாக இருக்கும்போது கறுப்பாக இருக்கும், பழுத்தால் செம்மஞ்சளாகும். மற்ற வியாபாரிகள் தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள். மாமா ஒவ்வொரு குலையின் அருகிலும் போய்க் காலால் ஓர் உதை விடுவார். எத்தனை பழம் உதிர்கிறது என்று குனிந்து எண்ணுவார். சிலவற்றை முகர்ந்தும் பார்ப்பார். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் அவர் ஏற்றி அனுப்பிய குலையை ஆலை ஒரு தடவைகூடக் காய் என்று கழித்ததில்லை. கண்ணால் பார்ப்பவன் ஏமாறுவான், இவன் காலால் பார்க்கிறவன் என்று தோட்டக்காரர்கள் பெருமையாகப் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்கும் அவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. எங்கே போனாலும் எதையாவது காட்டி, இது என்ன கலர் சொல்லு என்பார். சட்டை, சாமி படத்துச் சேலை, பழக்கடையில் ரம்புத்தான். நான் சொல்வேன். அவர் தலையாட்டுவார். நான் பள்ளிக்கூடம் சேரும் முன்பே தொடங்கிய விளையாட்டு அது. என் கண்ணைக் கூர்மையாக்க அவர் வைக்கும் பரீட்சை என்று நான் நம்பியிருந்தேன்.

கார் ஆசை வெகுநாளாக இருந்தது. இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, சிவப்பு. இந்த மூன்றையும் பெடாஸ் சாப்பாட்டுக் கடையில் ஏறக்குறைய தினமும் சொல்லிக்கொண்டிருப்பார். கடைக்காரர் பாய்க்குப் பூர்வீகம் ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம். தேநீரை இழுத்து ஆற்றிக்கொண்டே மாமாவை வாருவார்.

“லோரிக்காரனுக்கு எதுக்குயா ரெண்டு கதவு காரு? கொலைய எங்க ஏத்துவ, மடியிலயா?”

“ஏத்துறதுக்கு லோரி இருக்கு லா பாய். இது மத்தவன் பாக்குறதுக்கு. செகப்பு கார் போனா திரும்பிப் பாக்காதவன் இருக்கானா?”

அந்தச் சனிக்கிழமை சிரம்பானில் இருந்த கார் காட்சிக்கூடத்துக்கு என்னை மட்டும் கூட்டிப்போனார். அம்மா வரவில்லை. வாசலில் நின்று, மாமா கேக்குறத நல்லா பாத்துச் சொல்லு என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார். நிறம் பார்க்கப் போகிறவருக்குக் கண் இல்லையா என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை.

உள்ளே ஐஸ் பெட்டி போலக் குளிர். முக்காடு போட்ட மலாய் அக்கா ஒருவர் மாமாவை ‘பாஸ்’ என்று அழைத்து உட்காரவைத்து, எனக்குக் குடிக்க ஒரு பெட்டி மைலோ கொடுத்தார். முதலில் கூடுதல் வசதிகளின் பட்டியல் வந்தது. கார் வாங்குவது என்றால் காரை வாங்குவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். சக்கரம் தனி, இருக்கைத் தோல் தனி, பாட்டுப் பெட்டி தனி, இவற்றை இரண்டு மூன்றாகக் கட்டிய தொகுப்புகள் தனி. பட்டியலைப் பார்த்து நான் நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுத, மாமா ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்றார். கண்ணாடிக் கூரை வேண்டாம்; செம்பனை மட்டை ஒன்று விழுந்தால் போச்சு. பெரிய சக்கரம் வேண்டாம். எங்கள் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் ஒரு வாரம் தாங்காது. உதிரி டயர் வேண்டும். அந்த அக்கா, இந்த மாதிரி காருக்கு உதிரி டயர் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்று சிரித்தார். பிறகு விளையாட்டுத் தொகுப்பு என்று ஒன்று: இருக்கைகளில் சிவப்பு நூல் தையல், சிவப்பு இருக்கை வார், சக்கரத்துக்குள் தெரியும் பிரேக்குக்குச் சிவப்புச் சாயம். அதற்கு மட்டும் மாமா விலைகூடக் கேட்கவில்லை. என் தாளில் அந்த வரிக்கு இரண்டு சரிக்குறி இருக்கிறது.

கடைசியாக நிறங்கள் வந்தன. வெல்வெட் விரித்த தட்டில், பாதி மாங்காய் அளவில், சாயம் பூசிய பதினான்கு தகடுகள். பின்புறம் ஏதேதோ வெளிநாட்டு ஊர்ப் பெயர்களும் எண்களும் இருந்தன. எந்தத் தகட்டிலும் நிறத்தின் பெயர் இல்லை. மாமா ஒவ்வொன்றாகத் தொட்டு, இது, இது என்று கேட்டார். வெள்ளை, வெள்ளி, நீலம், இன்னொரு நீலம் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இடையில், “செகப்புன்னா எப்படி இருக்கும், சொல்லு” என்றார்.

குங்குமம் மாதிரி என்றேன். அது தெரியும், வேறு மாதிரி சொல்லு என்றார். சம்பலுக்கு மிளகாய் அரைக்கும்போது கண்ணில் தெறித்தால் எரியுமே, அதைப் பார்க்கிற மாதிரி என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அந்த அக்காவிடம் அதை மலாயில் சொல்லிக் காட்டினார்.

எனக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான். இத்தனை வருட விளையாட்டில் நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அதனால் அவர் ஒரு தடவைகூடத் தப்பு என்று சொன்னதில்லை. தப்பாகச் சொன்னால் என்ன செய்வார்? குட்டுவாரா, சிரிப்பாரா? தட்டின் கீழ் வரிசையில் ஆழ்ந்த சிவப்பும் ஆழ்ந்த பச்சையும் அடுத்தடுத்து, ஒரே மினுமினுப்போடு இருந்தன.

“இதுல செகப்பு எது?”

நான் பச்சையைத் தொட்டேன்.

மாமா அதை எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்தார், கை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், திருப்பினார். “இதுதான். ரத்தம் மாதிரி இருக்குல்ல?” என்றார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. என் விளையாட்டை எனக்கே திருப்பி ஆடுகிறார் என்று நினைத்தேன். யார் முதலில் சிரிப்பது என்பதுதான் இப்போது போட்டி. தகட்டை அந்த அக்காவிடம் கொடுத்தார். இதை எடுப்பவர்கள் மிகக் குறைவு, நல்ல ரசனை என்றார் அந்த அக்கா. பிறகு படிவத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கி, இந்த நிறத்துக்கு உள்ளே அத்தனை சிவப்பு வேண்டுமா, நிச்சயமாகவா என்று கேட்டார். நிச்சயமாக, அப்படித்தான் எனக்கு ஆசை என்று மாமா கையெழுத்துப் போட்டார். நான் மைலோ உறிஞ்சு குழலைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தார். செகப்பு புக் பண்ணியாச்சு என்றார் மாமா. அம்மா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

அது பொய் இல்லை என்று நான் அன்றிரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமா இதை எத்தனை நாள் இழுப்பார் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் இருந்தது. கார் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். பதினேழு வாரமும் நான்கு நாளும் ஆயின. அத்தனை நாளும் மாமா பாயிடம் சிவப்பு, சிவப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது எதுவோ, அதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வில் நிறநிறமாகப் புள்ளிகள் போட்ட படங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். எண் தெரியாதவர்களும் இருப்பார்களா என்று கேட்டேன். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றாகவே தெரியும் என்றார் அங்கிருந்தவர். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். மாமாவுக்கும் அப்படியா என்று கேட்டேன். தலை நிமிராமல், “இப்பத்தான் கண்டுபிடிச்சியா?” என்றார்.

பள்ளியில் இலைக்குப் பழுப்பும் மரத்துக்குப் பச்சையும் பூசி மாமா அடி வாங்கியிருக்கிறார். அதன் பிறகு அம்மாதான் அவருக்கு நிறம் சொல்லி வந்தவர். குலை வியாபாரம் தொடங்கியபோது, யாரிடமும் சொல்லக் கூடாது என்று மாமா அம்மாவிடம் சத்தியம் வாங்கினாராம். தெரிந்தால் தோட்டக்காரர்கள் காய்க்குலையைக் கலந்து தள்ளுவார்கள், ஆலை திருப்பி அனுப்பும், மூன்று லோரியும் நின்றுவிடும். லோரி லைசென்ஸுக்கு எப்படித் தேறினார் என்றும் கேட்டேன். முன்னால் போய் வந்த கூட்டாளிகளிடம் எண்களைக் கேட்டு, பக்க வரிசைப்படி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனாராம். இதை வேறு யாரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ள எனக்கு வழியில்லை.

கார் வந்தது ஆண்டு நடுவில் வரும் பள்ளி விடுமுறையில், ஒரு புதன்கிழமை. காட்சிக்கூடத்தில் கார்மேல் துணி போர்த்தியிருந்தார்கள். அதை இழுத்ததும் நான் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தேன். அந்த முகம் சந்தோஷத்தில் பளபளத்தது. பக்கவாட்டைத் தடவினார், குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்தார். அந்த அக்கா உரிமைப் பத்திரத்தை மேசையில் வைத்து, தவறு இருந்தால் சொல்லுங்கள் என்று வரிவரியாகப் படித்தார். பெயர், வண்டி எண், இயந்திர எண். பிறகு நிறம்: ஹிஜாவ். மலாயில் பச்சை.

மாமாவின் பேனா நின்றது.

“பெத்துல் கா, பாஸ்?” சரிதானா என்று கேட்டார் அந்த அக்கா.

மாமா பத்திரத்தைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“பெத்துல்,” என்று கையெழுத்துப் போட்டார்.

பெடாஸ் நோக்கி அவரே ஓட்டினார். கார் முழுவதும் புதுத் தோல் வாசனை. பெடாஸுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார்.

“பச்சையா?”

“ஆமா மாமா.”

“ஏன் செகப்புன்னு சொன்னே?”

“நீங்க கண்டுபிடிப்பீங்களான்னு பாத்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைவிரலால் இருக்கை வாரைத் தேய்த்து, “இது?” என்றார்.

“செகப்பு.”

“நெசமாவா?”

“நெசமா மாமா.”

“சரி, எறங்கு. நல்லா பாத்துச் சொல்லு. எந்த மாதிரி பச்ச? வெளையாடக் கூடாது.”

நான் இறங்கிக் காரைச் சுற்றி வந்தேன். தப்புக்கு ஈடாக இன்னொரு வாய்ப்புக் கொடுக்கிறார், இதில் முழு மதிப்பெண் வாங்கியே தீர வேண்டும் என்று பட்டது. நிழலில் நின்று பார்த்தேன், வெயில் பக்கம் போய்ப் பார்த்தேன், கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். பிறகு சொன்னேன்.

“வெத்தல மாதிரி மாமா. எளங் கொழுந்து இல்ல, முத்தின வெத்தல. நெழல்ல கறுப்பா இருக்கு, வெயில் பட்டாத்தான் பச்ச. கதவத் தொறந்தா வெத்தல போட்ட வாய் மாதிரி உள்ள செகப்பு.”

மாமா ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு.”

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். மூன்றாவது தடவையும் சொல்லச் சொன்னார்.

கடை வாசலில் நிறுத்தியதும் பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த லோரிக்காரர்கள் எச்சில் கையோடு வந்து சுற்றி நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் மாமாவுக்குக் குலை விற்பவர்கள்.

“என்னய்யா, நாலு மாசமா செகப்பு செகப்புன்னுட்டு பச்சையில வந்து நிக்கிற? கண்ணு கெட்டுப் போச்சா?” என்றார் பாய்.

மாமா நிதானமாகக் கதவைச் சாத்தினார். “வெத்தல பாய்,” என்றார். “எளங் கொழுந்து இல்ல, முத்தின வெத்தல. நெழல்ல நின்னு பாரு, கறுப்பு. வெயில் பட்டாத்தான் பச்ச.” அப்புறம் கதவைத் திறந்து காட்டினார். “வெத்தல போட்ட வாய். உள்ள செகப்பு. செகப்ப வெளிய பூசிக்கிறவன் ஆயிரம் பேர் இருக்கான் லா.”

பாய் ஒரு கணம் பார்த்துவிட்டு, ஆளு பெரிய ரசிகன்தான் என்று முதுகில் தட்டினார். குலை விற்கிற இருவரும் ஆமாம் ஆமாம், வெற்றிலையேதான் என்று நிழலுக்கும் வெயிலுக்கும் நகர்ந்து பார்த்தார்கள்.

அன்று அந்தக் கடையில் மட்டும் மாமா ஆறு பேரிடம் அதைச் சொன்னார். நான் எண்ணினேன். ஆறு தடவையும் ஒரு சொல் மாறாமல், நான் சொன்ன வரிசையிலேயே சொன்னார். யார் சொன்னது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார், நான் தொடவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்ல என்னிடம் ஒரே ஒரு புகார்தான் இருந்தது: மாமா என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்.