பாசிங்குக்கு ஒட்டிய படம்

இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் உள்ளேயே கிடந்து நாறும் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் தீவில், பெரார்கஞ்சில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பழைய வேன் ஒன்று வைத்திருக்கிறேன். பதினொரு பிள்ளைகள். வருஷத்துக்கு ஒருமுறை அதை அதிகாரியிடம் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே எல்லோரும் அதைப் 'பாசிங்' என்றுதான் சொல்வோம். உப்புக்காற்றும் மழையும் தின்ற வண்டி. பாசிங் மாதம் வந்தாலே எனக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் முதல் தடவை ஃபெயில். அதிகாரி கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். சந்தேகப்பட்ட இடத்தில் அதன் பிடியால் தட்டுவார். சத்தம் சரியில்லை என்றால் முனையால் குத்துவார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தள்ளச் சொன்னார். இரண்டு பேர் தள்ளியதற்கே வண்டி சாவகாசமாக நகர்ந்தது. ஒரு ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுத் தென்னை மரத்தைப் பார்த்தது. பின் டயர் இரண்டும் உள்பக்கம் மொட்டை. கடைசியில் கால்மிதி ரப்பரைத் தூக்கினார். ஓட்டை வழியே தரைப் புல் தெரிந்தது.

"யே பச்சோங் கி காடி ஹை?" என்றார். பிள்ளைகள் ஏறுகிற வண்டியா இது என்று.

அவர் கேட்டது நியாயம். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம் அவர்மேல்தான் வந்தது. குறைகளைத் தாளில் எழுதி, சரிசெய்து கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்.

டெய்ரி ஃபார்ம் பக்கம் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் நம்ம ஆள்தான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"தரைக்குத் தகடு அடிச்சிரலாம்ணா. ஹேண்ட் பிரேக் கேபிள் இருக்கு. லைட்டு அஞ்சு நிமிஷ வேலை. டயர் மட்டும் மெயின்லேண்ட்ல இருந்து ஷிப்புல வரணும்."

"ஷிப் எப்பப்பா வரும்?"

"அத கடல்கிட்ட கேளுங்க. டென்ஷன் ஏன்? பாசிங் டயர் எதுக்கு இருக்கு?"

பாசிங் டயர் என்பது எங்கள் டிரைவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ஒருத்தர் வீட்டில் நல்ல டயர் ஒரு செட் இருக்கும். யாருக்குப் பாசிங்கோ அவர் வாங்கி மாட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு, அன்றைக்கே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த டயர் ஓடித் தேய்ந்ததைவிட மாட்டிக் கழற்றித் தேய்ந்ததுதான் அதிகம். கல்யாணத்துக்கு இரவல் நகை போடுவதுபோல நானும் பல வருஷம் மாட்டியிருக்கிறேன். முதல் தடவை காட்டிய அன்று மட்டும் அந்த செட் வேறொருத்தர் வண்டியில் இருந்தது. தப்பென்று ஒருநாளும் தோன்றியதில்லை.

வண்டியை எடுக்கப் போனபோது கறுப்புப் பெயின்ட் வாசனை. உள்ளே பிள்ளைகள் உட்காரும் சின்ன பெஞ்சுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே, பளபளவென்று பெரிய முருகன் படம் ஒட்டியிருந்தது.

"இது எப்ப ஒட்டின?"

"நீங்க சாமி கும்புடுற ஆளு. வண்டில முருகன் இல்லாம எப்படிண்ணா?"

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. விபூதி பூசிக் கும்பிட்டேன். டேஷ்போர்டில் ஏற்கெனவே வேல் இருக்கிறது. சாமி படத்தை யாராவது அவ்வளவு கீழே, பிள்ளைகள் கால் படும் இடத்தில் ஒட்டுவார்களா? அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்று கேட்கவில்லை.

மறுபடி பாசிங். டயரை உதைத்துப் பார்த்தார் அதிகாரி, சரி. பிரேக் சரி. லைட் சரி. உள்ளே ஏறிச் சுவரைத் தட்டிக்கொண்டே வந்தார். டொக், டொக், டொக். படம் வந்தது. ஸ்க்ரூ டிரைவரை இடது கைக்கு மாற்றினார். வலது கையால் முருகன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சலோ, டீக் ஹை."

பாஸ். கூட வந்திருந்த மெக்கானிக் முழங்கையால் என் விலாவில் இடித்தான். "பாத்தீங்களா, முருகனே கையெழுத்துப் போட்டுட்டாரு!"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் இன்னும் வாய்க்குள் கசக்கிறது.

இரவல் டயரைத் திருப்பிக் கொடுத்து, மொட்டை டயரை மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். பாஸ் என்றதும் வீட்டுக்காரி சந்தனம் குங்குமக் கிண்ணத்தோடு வேனில் ஏறினாள். முருகன் நெற்றியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

"என்னங்க... உள்ள போவுது!"

விரல் படத்தைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது. உரித்துப் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதில் பழைய பேப்பரைத் திணித்து மேலே பட்டி பூசியிருந்தான். பெஞ்சின் போல்ட்டும் அதே தகட்டில்தான் இருந்தது. பெஞ்சைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். நொறுங்கிய அப்பளம்போலத் துருவோடு கையில் வந்துவிட்டது. அந்த பெஞ்சில்தான் நாலு வாண்டுகள் உட்காரும். அதில் ஒன்று வழிநெடுக ஏதாவது பாடிக்கொண்டே வரும்.

"முருகன ஓட்டை அடைக்கவா வச்சீங்க?" என்றாள்.

"மெக்கானிக்தான் ஒட்டினான்..."

"அவன் ஒட்டினான். கொண்டுபோய்க் காமிச்சது யாரு?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டுத் திட்டினேன். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "எல்லா வண்டியும் இப்படித்தாண்ணா. ஒருத்தர் வண்டில காளி, ஒருத்தர் வண்டில ஏசு. எல்லா சாமியும் டியூட்டி பாக்குது. நீங்க மட்டும் ஏன் அழுவுறீங்க?"

மறுநாள் காலையில், புதுத் தகடு அடித்து டயரும் வரும்வரை வேன் ஓடாது என்று பெற்றோரிடம் சொன்னேன். எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஒரு தகப்பன் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பாஸாயிருச்சுன்னு பேப்பர் இருக்குல்ல? அப்புறம் என்ன நாடகம்?"

அவரை வேனுக்குள் கூட்டிப்போய் ஓட்டையைக் காட்டினேன். கையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்து, ஒட்டிய துருவைத் தட்டினார். என் காதோரம் குனிந்து, "சரி விடுங்க, என் பிள்ளைய மட்டும் முன்சீட்டுல ஏத்திக்குங்க" என்றார்.

சீ என்று ஆகிவிட்டது. அவரைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. படத்தைப் பார்த்தும் கேட்காமல் நின்ற என் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்று வாரம் வேன் நின்றது. பிள்ளைகள் அரசு பஸ்ஸில் நெரிந்து போனார்கள். நெரிந்தாலும் பத்திரமாகப் போனார்கள். கப்பல் வந்தது. வேறொரு வெல்டர் பக்கச்சுவரையே அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்தார். டயர் என்னுடைய சொந்த டயர்.

அந்தப் படம்தான் மீதி. கிழிந்தாலும் சாமி; குப்பையில் போட மனசு வராது. பழைய படங்களைக் கடலில் விடுவது எங்கள் வழக்கம். கரைக்குக் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமெல்லாம் துருவும் பட்டியும். என் அழுக்கை அவர் முதுகில் ஏற்றி அனுப்பக்கூடாது என்று உட்கார்ந்து நகத்தால் சுரண்டினேன். வெகுநேரம் ஆனது. முழுசாகப் போகவில்லை. அப்படியே தண்ணீரில் விட்டேன். அலை அதை இரண்டு தடவை என் காலடிக்கே கொண்டுவந்து போட்டது. மூன்றாவது தடவை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிப் போய் விட்டுவிட்டு வந்தேன்.