நான் ஓங்காத சாட்டை

கொடைக்கானல் ஏரிக்கரையில் மணமக்களைப் படம் எடுப்பது என் பிழைப்பு. அன்று மாப்பிள்ளையைக் குதிரைமேல் ஏற்றியிருந்தேன். அவருக்குப் பின்னால் வெயில் சுள்ளென்று அடிக்க, முகம் கருத்துக் கிடந்தது. ஃபிளாஷை முழு பவரில் வைத்தேன்.

“கண்ணுக்கு நேரா லைட்ட அடிக்காதீங்க சார், மெரண்டுரும்,” என்றார் குதிரைக்காரர்.

“என் சோலிய எனக்குச் சொல்லித் தராதீங்க. கயித்த மட்டும் பிடிங்க.”

ஃபிளாஷ் வெட்டியதும் குதிரை முன்னங்கால்களைத் தூக்கியது. கீழே விழுந்த மாப்பிள்ளைக்குக் கை முறிந்தது. அவருடைய அண்ணன்கள் குதிரைக்காரர்மேல் பாய்ந்து, அவர் இடுப்பில் செருகியிருந்த சாட்டையைப் பிடுங்கி முகத்திலேயே விளாசினார்கள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

“அவரையே கேளுங்க,” என்று என்னைக் காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இவருதான் கயித்த விட்டுட்டாரு,” என்றேன்.

மறுபடி அடித்தார்கள். நான் கேமராவைப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திறந்தேன். வானமும் முகமும் நான் நினைத்தபடியே தெளிவாக விழுந்திருந்தன. ஓரத்தில் குதிரைக்காரர் நின்றார். ஒரு கை கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. மறு கை, குதிரையின் கண்ணை மறைக்கப் பாதி தூரம் போயிருந்தது.

அதைவிட நல்ல படத்தை இன்றுவரை நான் எடுத்ததில்லை. அதை யாரிடமும் காட்டியதும் இல்லை.