நேற்றுப் பார்த்த வழி

போன செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். கச்சிராயபாளையத்தில் எங்கள் வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரெய்லரில் வைக்கோல் மேல் ஒரு பெண், பிரசவ வலியில். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

என்னிடம் ஏன் வந்தார்கள்? இட ஒதுக்கீட்டுப் போராட்டம் தொடங்கியதிலிருந்து எந்த வழியில் மரம் கிடக்கிறது, எது திறந்திருக்கிறது என்று தினமும் டைரியில் எழுதுகிறேன். பஸ் ஓடாத ஊரில் அதற்கு அப்படி ஒரு மவுசு!

"அண்ணே, மெயின் ரோட்ல மரம் வெட்டிப் போட்டுக்கினு இருக்காங்க. வாய்க்கா கரையில போவலாமா?" என்றார் அவள் கணவர்.

டைரியைப் புரட்டினேன். "தாராளமா போங்க. திறந்திருக்கு."

"அப்பா... அது நேத்து பாத்தது" என்றாள் என் மகள் மலர். ஐந்து வயது.

கணவர் பதற்றத்திலும் சிரித்துவிட்டார். "இன்னா பாப்பா, நீ சொல்லு. இன்னிக்கி வழி இருக்குதா, இல்லியா?"

மலர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். நிலா எவ்வளவு தூரம் என்றால், 'எட்டு' என்பாள். அணையில் எத்தனை மீன்? அதுவும் எட்டுதான். போன மாதம் வரை அவளுக்குத் தெரியாதது எதுவுமே இல்லை.

மலர் யோசித்தாள். "தெரியல மாமா. யாராச்சும் போய்ப் பாத்தாதான் தெரியும்."

சைக்கிளை எடுத்தேன். அரை மைல்கூடப் போகவில்லை. கரையின் குறுக்கே ஒரு புளியமரம்! வெட்டுவாயில் ஈரம் காயவில்லை. அந்த ஒடுங்கிய கரையில் டிராக்டரைத் திருப்பவே முடியாது. உள்ளே போயிருந்தால்...?

திரும்பி வந்து, கரும்புக் கொல்லை வண்டிப்பாதையில் அவர்களைக் கூட்டிப்போனேன். இம்முறை சைக்கிள் முன்னால், டிராக்டர் பின்னால். மரங்களைத் தாண்டி ரோட்டில் ஏற்றிவிட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

சாயங்காலம் அவரே வந்தார். "பொண்ணு பொறந்திருக்குது அண்ணே. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. பாப்பா எங்க?" மலரின் கை நிறைய ஆரஞ்சு மிட்டாய்.

குழந்தை முதன்முதலில் 'அம்மா' என்ற நாளைக் கொண்டாடுகிறோம். 'தெரியல' என்று சொன்ன நாளை யார் கொண்டாடுகிறார்கள்? நான் கொண்டாடுகிறேன். கர்வம்தான், மறைக்கவில்லை. நேற்றுப் பார்த்ததற்கும் இன்று தெரிந்ததற்கும் நடுவே கோடு கிழிக்க, இருபது வருடமாக டைரி எழுதும் எனக்கு வரவில்லையே... அவளுக்கு வந்துவிட்டது!

புதன்கிழமை காலை டைரியைத் திறந்தேன். 'வாய்க்கால் கரை' என்று எழுதினேன். பேனாவை மூடிவிட்டு, சைக்கிளை எடுத்தேன்.