இரண்டாவது ஸ்பானர்

மனைவிக்கு டெக்சஸில் வேலை கிடைத்துப் போன வருடம், லிவர்மோர் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சனிக்கிழமைகளைக் கழிக்க கராஜில் மரவேலை ஆரம்பித்தேன். அலமாரிப் பலகைகளில் பள்ளம் எடுக்க ரவுட்டர் என்ற மின்கருவி ஒன்று வாங்கினேன். வெட்டும் பிட்டின் காம்பைக் கவ்விப் பிடிக்கும் அதன் சின்ன உலோகக் குழலுக்குக் காலெட் என்று பெயர். பிட்டை மாற்ற, காலெட்டின் நட்டை ஒரு ஸ்பானராலும் மோட்டார் தண்டை இன்னொன்றாலும் பிடித்து எதிரெதிராகத் திருப்ப வேண்டும். முதல் தடவை மெஷினே உருண்டது. அடுத்த தடவை ஸ்பானர் வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது.

எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர். அதுவரை கையசைப்பதோடு சரி.

வந்ததும், "பிளக்கை உருவிட்டீங்களா?" என்றார். உருவவில்லை. அவரே உருவிவிட்டு ஒரு ஸ்பானரைப் பிடித்துக்கொண்டார். நான் திருப்பினேன். நட் தளர்ந்தது, பிட் வரவில்லை.

"நட்டு மறுபடி டைட் ஆகுமுங்க. இன்னொருக்கா திருப்புங்க, அப்பத்தான் விடும்."

விட்டது. புது பிட்டை அடிவரை தள்ளினேன். "கொஞ்சூண்டு வெளிய இழுத்துட்டு டைட் பண்ணுங்க. இல்லீனா ஓடறப்ப லூஸாயிரும்" என்றார். பிறகு காபி குடித்தபடி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிட் மாற்ற எனக்கு ஏதாவது காரணம் கிடைத்தது. யார் கண்ணிலும் படாத பின்பக்க ஓரங்களைக்கூட வளைவாக இழைத்தேன். நான் திணறுவதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. ஆறாவது வாரம் இரண்டு ஸ்பானர்களையும் பக்கத்துப் பக்கத்தில், சற்றே விரித்து மாட்டி, ஒரே கையால் சேர்த்து அமுக்கிக் காட்டினார்.

"பாருங்க, அவ்வளவுதான். கையும் அடிபடாது. இனி எனக்கோசரம் வெயிட் பண்ண வேண்டாமுங்க."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். வேறென்ன சொல்வது?

அடுத்த சனிக்கிழமை நானே செய்தேன். ஒரே அமுக்கில் நட் தளர்ந்தது. மாலை மனைவி போனில், "அவர் வந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. இப்ப நானே சேஞ்ச் பண்ணிடறேன்."

"பரவாயில்லையே, கத்துக்கிட்டீங்களே!"

அலமாரி முடிந்தது. இரண்டு வாரம் தயங்கிவிட்டு, காரணம் எதுவும் இல்லாமலே ரோட்டைக் கடந்து அவர் வீட்டு மணியை அடித்தேன். மகள் கதவைத் திறந்தாள்.

"அப்பா இருக்காராம்மா?"

"ஹீ இஸ் அட் மை பிரதர்ஸ் கேம், அங்கிள். இஸ் இட் அர்ஜென்ட்?"

"இல்லம்மா, சும்மாதான்" என்று சொல்லித் திரும்பி நடந்தேன்.