களிம்பு வாசனை

என் மனைவிக்கு விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. மகள் பிறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் அவளுக்குக் கை மடங்காது. பால் செம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் இடுக்கித்தான் தூக்குவாள். பிறகு முழங்கால்களும் சேர்ந்துகொண்டன. மூட்டு வலி வயதானவர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தவன் நான். அதனால் முதல் ஆறு மாதம் அதை வலி என்றே எண்ணவில்லை. சோம்பல் என்று எண்ணினேன். இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்கு மனம் வரவில்லை.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பெரிய பங்களாவின் பின்கட்டில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். தண்டு என்று நாங்கள் சொல்லும் கன்டோன்மென்டில், ஒரு கம்பெனி ஆபீஸில் நான் குமாஸ்தா. கஞ்சி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, தலைக்கு வாசனை எண்ணெய். எங்கள் அப்பா மில்லில் பஞ்சு மூட்டை தூக்கியவர். நான் நாற்காலியில் உட்கார்ந்தவன் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கடைசியில் ஒரு நாள் அவளை ஃபிரேசர் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். சாப்பிட மாத்திரையும் தடவிக்கொள்ளக் களிம்பும் எழுதிக் கொடுத்தார். கம்பவுண்டர் அந்தக் களிம்பைக் கலந்து ஒரு கண்ணாடி ஜாடியில் அடைத்துக் கொடுத்தார்.

"ஒரு மூட்டுக்குக் கடலையளவு போதும்மா. காலைல, மத்தியானம், சாயந்தரம். மெல்லத் தடவிட்டுத் திறந்தே விட்டுடு. புண்ணு, வெடிப்பு இருக்கிற எடத்துல படக் கூடாது. விரல்ல தடவினா அரைமணி நேரம் கழிச்சு சோப்பு போட்டுக் கழுவு. அப்புறந்தான் குழந்தையத் தொடணும், கண்ணத் தொடணும்" என்றார்.

நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.

களிம்பு வேலை செய்தது. ஒரு வாரத்தில் அவள் இட்லிக்கு மாவு கரைக்கும் அளவுக்குக் கை இளகியது. ஆனால் அதன் வாசனை சாமானியமான வாசனை இல்லை. தைலமும் மிட்டாயும் கலந்தது போல மூக்கில் ஏறும். இரண்டு அறை வீட்டில் அது எங்கே போகும்? கொடியில் தொங்கும் என் சட்டையிலும் ஏறியது.

ஒரு திங்கட்கிழமை ஆபீஸில், பக்கத்து மேஜைக்காரர் மூக்கைச் சுளித்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

"ஏன்ரீ, காலங்காத்தால ஃபுட்பால் ஆடிட்டு வர்றீங்களா? ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்குதே!"

நாலு பேர் சிரித்தார்கள். ஹெட் கிளார்க் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அந்த ஜன்னல் திறந்த சத்தம்தான் எனக்குத் தாங்கவில்லை.

சாயந்தரம் ஷூவைக்கூடக் கழற்றாமல் அவளிடம் சொன்னேன்: "இந்தக் கண்றாவிய நான் ஆபீஸ் போனப்புறம் தடவிக்க. நான் வர்றதுக்குள்ள கழுவிடு. நாலு பேர் முன்னாடி என்னால தலகாட்ட முடியல."

"சரிங்க" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து வீட்டில் அந்த வாசனை இல்லை. சாம்பிராணி வாசனைதான் இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. என் துணிகளை அவள் ஒரு டிரங்குப் பெட்டியில் தனியாக மடித்து வைத்திருந்தாள். காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்தேன். குளிர் காலம், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் சாப்பாடு பரிமாறும்போது, "சர்ச்சு மணி அடிக்குதாங்க?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"எனக்கு ஓயாம கேக்குது."

"உனக்கு மட்டும் தனியா அடிக்கிறாங்க போல" என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்து வைத்தாள்.

அந்த மாதமே ஒரு நாள் பெருமழை பெய்து ஆபீஸ் கூரை ஒழுகியது. ஃபைல்களை நகர்த்தி வைத்துவிட்டு எங்களை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது வீட்டின் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. குழந்தை முன்கட்டில், வீட்டுக்காரம்மாவிடம் இருந்தது. கதவைத் தள்ளினேன். சாம்பிராணிப் புகைக்குள் அந்தக் களிம்பு நெடி கண்ணைக் கரித்தது.

அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்காலிலும் ஃபிளானல் துணியை இறுக்கிச் சுற்றியிருந்தாள். அதற்கு மேல் வெந்நீர் ஊற்றிய ரப்பர் பை. ஜாடி பாதி காலியாகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? இன்னும் கழுவலீங்களே..."

வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இன்னும் கழுவவில்லை என்றாள்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வேளைக்கானதை ஒரே வேளையாக, நான் கிளம்பிய பிறகு அப்பிக்கொள்வாளாம். வாசனை வெளியே வராமலிருக்கத் துணியைச் சுற்றுவாளாம். சீக்கிரம் உள்ளே இறங்கட்டும் என்று சூடு வைப்பாளாம். நாலு மணிக்கு வெந்நீர் போட்டு, அந்தக் கையாலேயே தவலையைத் தூக்கி, தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாளாம். நான் துணியை அவிழ்த்தேன். வலது முழங்காலில் தோல் துணியோடு வந்தது. அடியில் கொப்புளங்கள், சில உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தன.

அந்தச் சாயந்தரமே ஜட்கா பிடித்து டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"கட்டுப் போட்டு, அதுக்கு மேல வெந்நீர்ப் பையா? யாரும்மா சொன்னது உனக்கு?"

'நான்தான் டாக்டர், என்னால்தான்' என்று சொல்ல இரண்டு விநாடி போதும். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குளிருக்கு எதமா இருக்கும்னு நானே கட்டிக்கிட்டேன் டாக்டர்" என்றாள் அவள்.

"காதுல இரைச்சல் இருக்கா?"

"இருக்குதுங்க. மணியடிக்கிற மாதிரி."

"இருக்காதா பின்னே? இது வெறும் எண்ணெய் இல்லம்மா. தோல் வழியா மருந்து உள்ள போகும். அளவுக்கு மேல போட்டு, மூடி வெச்சு, சூடும் குடுத்தா மொத்தமா எறங்கும். சாப்பிடற மாத்திரையும் இதே ஜாதி மருந்துதான், ரெண்டும் சேர்ந்து மிஞ்சினா காது இரையும். தோல் வெந்ததோட விட்டுதேன்னு நெனச்சுக்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "படிச்சவர், பக்கத்துலயே இருக்கீங்க. நீங்க கவனிக்கக் கூடாதா சார்?"

"இனிமே கவனிச்சுக்கறேன்" என்றேன். அவளுக்கு நான் பெரிய உதவி செய்வது போல அது என் காதிலேயே ஒலித்தது.

திரும்பும்போது ஜட்காவில் கேட்டேன்: "ஏன் அப்படிச் சொன்னே?"

"வேற என்னத்தச் சொல்லச் சொல்றீங்க? எம் புருஷனுக்கு என் வாசனை ஆகலேன்னா?"

மருந்து வாசனை என்று சொல்லவில்லை. என் வாசனை என்றாள்.

புண் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்தக் களிம்பைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாத்திரையையும் நிறுத்தினார், காது இரைச்சல் சில நாட்களில் அடங்கியது. தோல் முழுக்க மூடிய பிறகு, காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன் நானே தடவிவிட ஆரம்பித்தேன். கடலையளவுதான். முதல் நாள் கையைச் சரியாகக் கழுவாமல் கண்ணைத் தேய்த்துவிட்டேன். அரைமணி நேரம் குழாயடியில் நின்றேன். "இப்பத் தெரியுதா?" என்று அவள் சொன்னபோது சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்கு நான் தகுதியானவன் என்று தோன்றவில்லை.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் என் கையிலிருந்து வாசனை மறுபடி ஆபீஸுக்குப் போனது. பக்கத்து மேஜைக்காரர் மறுபடி கேட்டார். நான் சொன்னது இதுதான்: "எனக்குத் தோள்வலி சார். பழைய அடி."

மனைவிக்கு இந்த வயதில் மூட்டு வாதம் என்றோ, அவள் காலைப் பிடித்து மருந்து தடவிவிட்டு வருகிறேன் என்றோ சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பொய் அப்படியே நின்றுவிட்டது. நாலைந்து வருஷம் நின்றது.

ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றபோது குடும்பத்தோடு வரச் சொல்லி ஒரு டீ பார்ட்டி வைத்தார்கள். அவள் கரும்பச்சைப் புடவை உடுத்தி, விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜைக்காரர் வந்து வணக்கம் சொன்னார்.

"சாருக்குத் தோள்வலி இப்ப எப்படிம்மா இருக்குது? தினமும் மருந்து வாசனையோடதான் வர்றார்."

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"இப்பக் கொஞ்சம் தேவலைங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து அதைப் பற்றி அவள் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஃபைலைப் பிரிப்பதற்கு முன்பே போய் நின்றேன். "எனக்குத் தோள்வலி எதுவும் இல்லை சார். வலி என் மனைவிக்கு. நான்தான் காலைல தடவிவிடறேன்" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "நீங்க தோள்வலின்னு எங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தது அம்மாவுக்குத் தெரியுமா?"

"நேத்துதான் தெரிஞ்சது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஃபைலைப் பிரித்தார்.

சாயந்தரம் அவளிடம் அதைச் சொன்னேன். பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வளைந்த விரல்களால் ஒவ்வொரு இலையாகக் கிள்ளிப் போட்டபடி, "அதுக்கு இத்தன வருஷமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

முறத்தின் மறுபக்கம் உட்கார்ந்து நானும் கீரை ஆய ஆரம்பித்தேன்.