லோகேஸ்வரி பெட்டி வாங்குகிறார்

கைப்பேசி விளக்கை எரியவிட்டு, அதைக் காலிப் பெட்டிக்குள் வைத்து, மூடியைச் சாத்தி, நான்கு கொண்டிகளையும் மாட்டிவிட்டு லோகேஸ்வரி தரையில் மண்டியிட்டார். “தம்பி, கடை லைட்ட கொஞ்சம் அடைங்க.”

பிரிக்பீல்ட்ஸில் உள்ள அந்த இசைக்கருவிக் கடையில் விற்பனையாளராக இருக்கும் அசாருதீன், இராமநாதபுரத்திலிருந்து வந்து மூன்று வருடமாகிறது. ஒலிக்கருவிகளுக்குப் பெட்டி வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், நிறம் கேட்பார்கள். இருட்டைக் கேட்டவர் இதுவரை யாருமில்லை. சுவிட்சைத் தட்டினார். பெட்டியின் இடது மூலையில் நூல் மாதிரி ஒரு வெளிச்சம் கசிந்தது.

“பாத்தீங்களா? வெளிச்சம் வர்ற எடத்துல தண்ணி போவும் லா. வேணாம். அடுத்தத எடுங்க.”

அது ஆறாவது பெட்டி.

லோகேஸ்வரிக்கு வயது நாற்பத்து நான்கு. வார நாட்களில் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை. கப்பலிலிருந்து இறங்குகிற பெட்டிகளில் எது நசுங்கியிருக்கிறது, எது நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதவேண்டும். பதினேழு வருடமாக அதே வேலை என்பதால், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாலே பலகை தடிமனா சன்னமா என்று சொல்லிவிடுவார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். கோந்து வாசம் தூக்கலாக இருந்தால் உதட்டைப் பிதுக்குவார். காதில் எப்போதும் ஒரு பென்சில். அதை எடுத்து அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை.

சனி, ஞாயிறுகளில் கிள்ளானில் உள்ள ஒரு சின்ன இசைக்குழுவுக்கு ஒலியமைப்பாளர். மேடையில் ஏறமாட்டார். மண்டபத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், மிக்சர் கருவியின் முன்னால் நின்றுகொண்டு பாடகியின் குரலைத் தூக்கிவிடுவதும், கிடாரை அடக்கிவைப்பதும் அவர் பொறுப்பு. நிகழ்ச்சி நன்றாக நடந்தால் அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

பெட்டி வாங்கியே ஆகவேண்டும் என்று குழு முடிவு செய்தது காஜாங் கல்யாணத்துக்குப் பிறகுதான். அதுவரை மிக்சர் பழைய மெத்தை உறைக்குள்ளும் மைக்குகள் பிஸ்கட் டின்னிலும் பயணம் செய்துகொண்டிருந்தன. அன்று வழியில் வேன் சடாரென்று நிற்க, ஒரு ஸ்பீக்கர் சரிந்து மிக்சரின் மேல் உட்கார்ந்துவிட்டது. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழைகிற நேரத்தில் சத்தமே இல்லை. பாடகி மாதவி மைக் இல்லாமலே தொண்டை கிழியப் பாடினார். நானூறு பேர் கைதட்டித் தாளம் போட்டார்கள். பெண் வீட்டார் சிரித்துக்கொண்டே மன்னித்துவிட்டார்கள். லோகேஸ்வரியால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. 

குழுத் தலைவர் கமலநாதனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கீபோர்டு வாசிப்பவர், வேனும் அவருடையது. அவர் மனத்தில் ஒரே ஒரு பெரிய வெள்ளி நிறப் பெட்டி இருந்தது. எல்லாக் கருவிகளையும் அதற்குள்ளேயே முடுக்கி, வயர்களையும் மாட்டி வைத்துவிடலாம். “போய் எறங்குனோமா, ஒரு வயர மாட்டுனோமா, அஞ்சே நிமிசத்துல ஷோ ஸ்டார்ட் லா!” நல்ல யோசனைதான். லோகேஸ்வரியும் தலையாட்டியிருந்தார்.

ஆனால், போன மாதம் ஒத்திகை முடிந்து தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, தபேலா வாசிக்கும் சின்னையா குரலைத் தாழ்த்திச் சொன்னார். “இந்தத் தீபாவளியோட நான் நிறுத்திக்கிறேன் மா.”

“ஏன் அங்கிள்? கை வலியா?”

“கை நல்லாத்தான் இருக்கு. முதுகுதான். பத்துக் கிலோவுக்கு மேல தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எல்லாரும் சாமான் எறக்குறப்ப நான் மட்டும் வேன்ல சாஞ்சிக்கிட்டு நிக்கிறேன். ‘அங்கிள், நீங்க உக்காருங்க’ங்கிறாங்க. வெக்கமா இருக்கு மா. யார்கிட்டயும் சொல்லிடாத.”

அறுபத்து மூன்று வயதில் அந்த மனிதர் அப்படித் தலையைக் குனிந்துகொண்டது லோகேஸ்வரிக்குத் தாங்கவில்லை. தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகைக்குக் கமலநாதன் வருவதற்கு முன்பே குளியலறைத் தராசோடு வந்தார். கருவிகளை ஒவ்வொன்றாக நிறுத்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துச் சின்னையாவின் கைக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்தார்.

“என்ன மா, எனக்குச் சிலுவார், சட்டையெல்லாம் தைக்கப் போறியா?”

“ஆமா அங்கிள். ஆடாம நில்லுங்க.”

இதெல்லாம் கமலநாதனுக்குத் தெரியாது. பெட்டி வாங்கும் நாளன்று பன்னிரண்டு மணி வாக்கில் பிரிக்பீல்ட்ஸ் கடைக்குள் நுழைந்தவர், வரிசையாக நின்ற மூன்று சிறிய பெட்டிகளைப் பார்த்தார்.

“என்னா லோகா, மூணு? ஒண்ணுதானே பேசினோம்?”

லோகேஸ்வரி வாதாடவில்லை. பக்கத்து மளிகைக் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசி மூட்டைகள் ஐந்தை இரவல் வாங்கி, அசாருதீன் உதவியோடு கடையில் இருந்த ஒரு பெரிய வெள்ளி நிறப் பெட்டிக்குள் அடுக்கினார்.

“நம்ம சாமான் எல்லாம் சேத்தா இவ்ளோதான் வெயிட்டு. தூக்குங்க அண்ணே.”

கமலநாதன் வேட்டைக்குப் போகிறவர் மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு குனிந்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பெட்டி அசையவில்லை, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அசாருதீன் காலடியில் விழுந்தது. அசாருதீன் அவசரமாகத் திரும்பிக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த கிடார்களை எண்ணத் தொடங்கினார்.

“ரெண்டு பேரு தூக்கணும் லா. அதுக்குத்தானே ஆள் இருக்கு!”

“யாரு அண்ணே அந்த ரெண்டு பேரு?”

“நான் ஒண்ணு, கிடார்காரன் ஒண்ணு. அவன் வராட்டி...” எண்ணிக்கொண்டிருந்த கமலநாதனின் விரல் அந்தரத்தில் நின்றது. “சின்னையா அண்ணனுக்கு முதுகு சரியில்ல, இல்ல?”

யாரிடமும் சொல்லாதே என்றவருடைய முகம் லோகேஸ்வரியின் கண்முன் வந்தது. ஆனாலும் சொன்னார். “தீபாவளியோட நிறுத்திக்கப் போறாராம். தூக்க முடியலன்னு.”

கமலநாதன் தொப்பென்று அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அவர் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒலிக்கிற தபேலா அது. “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“சொன்னா நீங்க பாவம் பாப்பீங்க. அதான் அவருக்குப் பிடிக்கல. அவருக்கும் ஒரு பெட்டி இருக்கணும் அண்ணே. இந்தச் சின்னது. மைக்கு, வயரு எல்லாம் வச்சாலும் ஒம்போதரைக் கிலோதான். பெரிய சக்கரம், இழுக்கிற பிடி அவரு கைக்குச் சரியா வரும். அளந்து பாத்துட்டேன்.”

கமலநாதன் அந்தச் சின்னப் பெட்டியின் பிடியை நீட்டி, மடக்கிப் பார்த்தார். பிறகு தலைவர் என்ற முறையில் ஒரு ஆட்சேபம் எழுப்பினார். “மூணுன்னா ஒவ்வொரு எடத்துலயும் எல்லா வயரையும் புதுசா மாட்டணும். முக்கால் மணி நேரம் போயிரும்.”

“அது என் வேல. நான் முன்னாடியே வந்துடுறேன்.”

“வெள்ளிக் கலராவது எடுப்போமே லா...”

“உங்க பெட்டி வெள்ளி அண்ணே. சந்தோசமா?”

லோகேஸ்வரி அதோடு விடவில்லை. சின்னப் பெட்டிக்குள் ஒரு அரிசி மூட்டையைப் போட்டு, கடைக்கு வெளியே நடைபாதையில் இழுத்துக்கொண்டு போனார். உடைந்த ஓடு, சாக்கடை மூடி, பூக்கடை வாசலில் தேங்கிய தண்ணீர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா, “எந்த ஊருக்கு மா?” என்று கேட்டார். “ஷா ஆலம் வரைக்கும்,” என்றார் லோகேஸ்வரி.

அடுத்த சனிக்கிழமை ஷா ஆலமில் ஒரு திருமண விருந்து. பிற்பகல் மூன்று மணிக்கு, மழை விட்டும் விடாமலும் இருந்தபோது, மண்டபத்தின் பின்பக்கத்தில் வேன் நின்றது. தன் பெயர் ஒட்டியிருந்த சின்னப் பெட்டியைச் சின்னையா வேனுக்குள் எட்டி இரண்டு தடவை பார்த்தார். தானே இறக்கி, பிடியை நீட்டி, கிளம்பினார். நாலு எட்டு நடந்தவர் திரும்பினார்.

“என்னா எல்லாரும் வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? ஆளுக்கு ஒண்ணு எடுங்க லா!”

மண்டபத்தின் பின்கதவுக்கு ஏறுகிற சரிவின் நடுவில், தண்ணீர் வடிகிற பிளவு ஒன்றில் சக்கரம் மாட்டிக்கொண்டது. சின்னையா இழுத்தார், வரவில்லை. கமலநாதன் பதறிப்போய் ஓடக் கால் எடுத்து வைத்தார். லோகேஸ்வரி பின்னாலிருந்து அவருடைய சட்டையை எட்டிப் பிடித்துக் கையில் சுருட்டிக்கொண்டார். அங்கே சின்னையா பிடியைச் சாய்த்து, பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டி, சக்கரத்தை விடுவித்து, சரிவில் ஏறி, கதவைத் தோளால் தள்ளி உள்ளே போகும்வரை, லோகேஸ்வரி அந்தச் சட்டையை விடவில்லை.