கடைசி வவ்வாலுக்காகக் காத்திருந்த மாப்பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். எழுத்து கோணலாக இருந்தாலும், சொன்னதையே மறந்து மறுபடி சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். மறக்காதது ஒரு நாற்றம்தான். செஞ்சியில் எங்கள் தெருமுனை ஆலமரத்தடியில் அழுகிய பழமும் வவ்வால் மூத்திரமும் கலந்து அடிக்கிற புளித்த நாற்றம். பகலெல்லாம் பெரிய பெரிய பழந்தின்னி வவ்வால்கள் அதில் தலைகீழாகத் தொங்கும்.

அவை மிரண்டு ஊரைவிட்டுப் போய்விடக் கூடாதென்று தெருவே கூடி ஒரு கட்டு வைத்திருந்தது: மரத்தில் அவை இருக்கும்வரை தெருவில் வெடியும் கூடாது, கொட்டுமேளமும் கூடாது. தீபாவளி வெடியைக்கூட ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த்தான் வெடிப்போம். கட்டை மீறினவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகமாட்டார்கள்.

அறுபதுகளில் என் அக்காவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை திண்டிவனம். பொழுது சாய்ந்து வவ்வால்கள் இரைக்குக் கிளம்பியதும் மாப்பிள்ளை அழைப்பு என்று எங்கள் அப்பா, நைனா, கணக்காகத்தான் ஏற்பாடு செய்திருந்தார். மரத்தடியில் காவலுக்கு என்னை நிறுத்தினார். "எல்லாம் பறந்ததும் இந்தத் துண்டை ஆட்டு. இவதான் வாயே தொறக்கமாட்டாளே, இவளே நிக்கட்டும்" என்றார்.

அன்றைக்கென்று தூறல். 'பிளஷர்' காரில் மாப்பிள்ளையும், பின்னால் நாதசுரக்காரர்களும் தெருமுனையில் காத்திருக்க, வவ்வால்கள் ஆடி அசைந்து ஒவ்வொன்றாகக் கிளம்பின. நான் கழுத்து வலிக்க எண்ணிப் பார்த்தேன். உச்சிக் கிளையில் ஒன்று மட்டும் அசையவே இல்லை. துண்டை நான் ஆட்டவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் காரிலிருந்து இறங்கி வந்தார். "எழவு வீட்டுலகூட கொட்டு உண்டுய்யா! ஒத்த வவ்வாலுக்கு எங்க மாப்ள காத்துக் கெடக்கணுமா? வண்டியத் திருப்புடா!"

நைனாவுக்கு முகம் செத்துவிட்டது. உள்ளே அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். நைனா எண்ணெய்க்கடை தனபால் நயினாரிடம் போய்க் கையைப் பிடித்தார். சமணர், எறும்பைக்கூட மிதிக்காத மனுசர். அந்தக் கட்டுக்குக் காவல் அவர்தான்.

"ஒண்ணே ஒண்ணுதான் நயினாரே..."

"ஒண்ணுன்னாலும் உசுருதானப்பா. அதுவும் கெளம்பட்டும்" என்றார் நயினார், மரத்துக்குக் கேட்காத குரலில்.

தாய்மாமன் விடவில்லை. "எங்க அந்த மகராசன், மூஞ்சியப் பாப்போம்" என்று 'பேட்டரி லைட்டை' மேலே அடித்தார். எல்லோரும் அண்ணாந்தோம். கறுப்புத் துணி. அதற்குள் வளைந்த கம்பி. அதன் நுனியில் மூங்கில் பிடி.

"அட, இது போன வருசம் காத்துல பறந்துபோன என் கொடயாச்சே!" என்று நயினார் போட்ட சத்தம்தான் எங்கள் தெரு அதுவரை கேட்டதிலேயே பெரிய சத்தம். காருக்குள் மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்த பிறகு தாய்மாமன் யாரைக் கோபித்துக்கொள்வது? மேளம் கொட்டியது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தாலும் அந்த மாப்பிள்ளை, எனக்கு மாமா, தெருமுனையிலேயே நின்று, "இன்னா மச்சினி, எல்லாம் கெளம்பிடுச்சா? வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவார். நான் வெட்கத்தில் அடுப்படிக்குள் ஓடிவிடுவேன்.

இப்போது மாமா இல்லை. நயினாரும் இல்லை. ரோடு போடப் பாதி மரத்தை வெட்டிவிட்டார்கள். மிச்சத்தில் கொஞ்சம் வவ்வால்கள் தொங்குகின்றன. வெடி மட்டும் இன்னும் ஏரிக்கரையில்தான்.

அது குடையே இல்லை, வவ்வால்தான் என்று அக்கா இப்போது சாதிக்கிறாள். எனக்கும் கண் சரியில்லை. கண் நன்றாக உள்ளவர்கள் யாராவது உச்சிக் கிளையில் கம்பி ஏதும் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். பொழுது சாய்ந்து எல்லாம் கிளம்பின பிறகு போங்கள்.